பாட்டு எப்போது ஆரம்பிக்கும்? எலக்ட்ரானிக் நடன இசைக்குப் புதியவர்களுக்கு

எலக்ட்ரானிக் நடன இசை ஆல்பம் ஒன்றை முதல்முறை கேட்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தாராவியில் இருக்கும் என் சித்தப்பா கேட்டது இப்படி: "ஏலே, மூணு நிமிஷமா மேளம் மட்டுந்தான் போவுது. பாட்டு எப்பம்ல ஆரம்பிக்கும்?" கோயில் கொடைகளுக்கு நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர் அவர். தாளம் பிடிபடாமல் கேட்கவில்லை. தாளம் நன்றாகவே பிடிபட்டது. அதற்கு மேல் என்ன வரப்போகிறது என்றுதான் காத்திருந்தார்.

நியாயமான கேள்வி. நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. முதலில் கொஞ்சம் வாத்தியம், அப்புறம் பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி. குரல் வரும்வரை நடப்பதெல்லாம் முன்னேற்பாடு என்றே எடுத்துக்கொள்வோம். இந்த இசையில் பல்லவி வராது. பல தடவை குரலே வராது. மெட்டு என்று ஒன்று இருந்தாலும் அது நாலு சுரம், ஆறு சுரம் என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஏழெட்டு நிமிடத்துக்கு என்னதான் நடக்கிறது? ஓசையின் நிறம் மாறுகிறது. அந்த மாற்றம்தான் இங்கே பாட்டு. இதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே காதை வைக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். நடுவில் 1982-ஆம் வருட பம்பாய்க்கும் ஒரு நடை போய் வருவோம். இந்த வகை இசையின் கதையில் இந்த ஊருக்கும் ஒரு விசித்திரமான இடம் இருக்கிறது.

முதலில் தாளம். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு டிரம் மெஷின் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். திறந்தால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை, வரிசைக்குப் பதினாறு கட்டம் இருக்கும். கட்டத்தைத் தொட்டால் அந்த இடத்தில் அடி விழும். கிக் (தாழ்ந்த பெரிய மேள அடி) என்று எழுதியிருக்கும் வரிசையில் 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களைத் தொடுங்கள். கைத்தட்டல் வரிசையில் 5, 13. ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற சின்ன ஒலி) வரிசையில் 3, 7, 11, 15. வேகத்தை 120 பிபிஎம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 அடி, அதாவது ஓர் அடிக்கு அரை வினாடி. பதினாறு கட்டமும் ஓடி முடிய இரண்டு வினாடி. ஓட விட்டால் உலகத்தில் பாதி நடன அரங்குகளில் கேட்கும், ஹவுஸ் என்ற நடன இசை வகையின் தாளம் தயார். தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு: சதுஸ்ர நடையில் நாலு அட்சரம், ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம். அவ்வளவுதான்.

நாலு அடியிலும் கிக் ஏன்? காலுக்காக. கூட்டத்தில் இருட்டில் நிற்கும் ஒருவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்பதில் சந்தேகமே வரக்கூடாது. அந்த நிச்சயம் இருந்தால்தான் உடம்பு யோசிக்காமல் ஆடும். இப்போது 13-ஆம் கட்டத்துக் கிக்கை எடுத்து 12-இல் வையுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. கால் அடியைத் தேடி ஒரு கணம் தடுக்கும், அடுத்த சுற்றில் அந்தத் தடுக்கலையே எதிர்பார்க்கத் தொடங்கும். சித்தப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டியபோதுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. "இப்பம்தான் அடிக்கான்" என்றார். நடன இசையில் 'சோதனை' என்று சொல்லப்படுவதில் பெரும் பகுதி இந்த ஒரு கட்டம் தள்ளி வைக்கும் வேலைதான். எவ்வளவு தள்ளினால் ஆடுகிறவர் சிரிப்பார், எவ்வளவு தள்ளினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே போவார் என்பதைக் கணக்குப் பார்க்கிற கலை.

ஆரம்பத்தில் நிமிடக் கணக்கில் வெறும் தாளம் மட்டும் போவதற்குக் காரணம் கலை கூட இல்லை, வசதி. டிஜே ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கி, இரண்டின் அடியையும் ஒன்றாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டத்தை நழுவ விடுவார். அதற்கு இரண்டு பக்கமும் மெட்டில்லாத வெறும் தாளம் கொஞ்சம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கேட்கிற நமக்கு அந்தப் பகுதி வெற்றாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அது நமக்காக வைத்ததே இல்லை.

சரி, நிறத்துக்கு வருவோம். இதற்கு ஆப் வேண்டாம், வாய் போதும். ஒரே சுருதியில் நிறுத்தி "ஊ" என்று இழுங்கள். சுருதியை மாற்றாமல் மெல்ல வாயைத் திறந்து "ஆ" வரைக்கும், அங்கிருந்து "ஈ" வரைக்கும் போங்கள். சுரம் ஒன்றுதான், சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஏதோ ஒன்று மங்கலாக இருந்து வெளிச்சமாகி, கடைசியில் கூர்மையானது அல்லவா? தொண்டையில் பிறக்கும் ஒலியில் அடிச்சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களும் கூடவே இருக்கின்றன. வாயின் வடிவம் அவற்றில் சிலதை அமுக்குகிறது, சிலதைத் தூக்குகிறது. ஊகாரத்தில் மேலே இருப்பவை பெரும்பாலும் அமுங்கிவிடுகின்றன. வாய் என்பது நம்மிடம் பிறவியிலேயே இருக்கும் ஃபில்டர்.

மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவியான சின்தசைசரில் இதே வேலையை ஒரு குமிழ் செய்கிறது. உதாரணமாக 110 ஹெர்ட்ஸில் ஒரு சுரம். ரம்பப் பல் வடிவ அலையாக அதை உண்டாக்கினால் 110, 220, 330, 440, 550 என்று மேலே மேலே மடங்குகள் எல்லாம் அதில் இருக்கும். ஃபில்டரை 300 ஹெர்ட்ஸில் வைத்தால் முதல் இரண்டு மட்டும் முழுசாக வெளியே வரும், மற்றவை உயரம் கூடக்கூடத் தணிந்துவிடும். மந்தமான, போர்வைக்குள்ளிருந்து வருகிற ஒலி. குமிழைத் திருகி 2,000 வரை ஏற்றினால் பதினெட்டு மடங்குகள் வெளியே வந்துவிடும், ஒலி பளீரென்று ஆகிவிடும். சுரம் மாறவே இல்லை.

பக்கத்தில் ரெசனன்ஸ் என்று இன்னொரு குமிழ் இருக்கும். இது ஃபில்டர் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் அழுத்தித் தூக்கிக் காட்டும். இதை ஏற்றிவைத்துக்கொண்டு முதல் குமிழைத் திருகினால், ஒவ்வொரு மடங்கையும் தாண்டும்போது அது தனியாக விசில் அடித்துவிட்டுப் போகும். "வியாவ்வ், வீயோங்" என்று வளைந்து நெளிகிற அந்த ஒலியை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். தம்புராவோடு பழகியவர்களுக்கு இது ஒன்றும் புது விஷயமில்லை. சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும், ஷட்ஜத் தந்தியின் ஐந்தாம் மடங்கு அது. மேலே சொன்ன கணக்கில் 550 ஹெர்ட்ஸ். தம்புரா அதை ஜீவாவைக் (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) கொண்டு வெளியே கொண்டுவருகிறது, இங்கே குமிழைக் கொண்டு கொண்டுவருகிறார்கள்.

இந்த நெளியும் ஒலிக்குப் பேர்போன கருவி ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிபி-303. டடாவோ கிக்குமோட்டோ வடிவமைத்தது, 1980-களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்ப்பதுதான் நோக்கம். சின்னப் பெட்டி, ஒரே ஒரு குரல், மேல் வரிசையில் ஆறு குமிழ்கள். பதினாறு கட்டத்தில் சுரங்களைப் பதித்துவைத்தால் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கூடுதல் வசதி: ஒன்று அழுத்தம், இன்னொன்று வழுக்கல். வழுக்கலைப் போட்டால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு ஜாரு போல இழுத்துக்கொண்டு போகும். நிஜ பேஸ் கிட்டார் மாதிரி இருந்ததா என்றால் இல்லவே இல்லை. சுரங்களைப் பதிக்கும் முறையும் பொறுமையைச் சோதிக்கும். விற்பனை படுத்தது, 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதால்தான் கதை தொடங்கியது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்த இந்தப் பெட்டியில் ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் மூன்று இளைஞர்களிடம் வந்து சேர்ந்தது. ஃப்யூச்சர் என்பது அவர்கள் குழுவின் பெயர். உள்ளே ஏதோ ஒரு சுர வரிசையை ஓட விட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார்கள். 'ஆசிட் ட்ராக்ஸ்' என்று அது 1987-இல் இசைத்தட்டாக வந்தது. பத்து நிமிடத்துக்கும் மேல் ஒரே சுர வரிசை, மாறுவதெல்லாம் குமிழின் இடம். அதிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற வகையே கிளம்பியது. அந்தக் குழுவின் டிஜே பியர் ஒரு சம்பவம் சொல்வார். மியூசிக் பாக்ஸ் என்ற அரங்கில் டிஜே ரான் ஹார்டி இதை முதலில் போட்டபோது கூட்டம் களத்தைவிட்டு விலகியது. ரான் ஹார்டி விடவில்லை, அதே இரவில் மறுபடி மறுபடி போட்டார். நாலாவது தடவை கூட்டம் தலைகீழாக ஆடியது. இரவும் பகலும் இந்த இசையிலேயே கிடந்த கூட்டத்துக்கே காது பழக நாலு தடவை தேவைப்பட்டிருக்கிறது. ஒரே தடவையில் பிடிக்கவில்லை என்று நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதற்கு ஐந்து வருடம் முன்னால் பம்பாயில் என்ன நடந்தது என்பதுதான் ருசியான பகுதி.

சரண்ஜித் சிங் என்றொரு வாத்தியக்காரர். 1940-இல் பிறந்தவர். ஹிந்திப் படப் பாடல் பதிவுகளில் கிட்டார், பேஸ், கீபோர்ட் என்று கூப்பிட்ட இடத்தில் போய் வாசித்துவிட்டு வருகிற தொழில். ஆர்.டி.பர்மன் உட்படப் பெரிய இசையமைப்பாளர்கள் பலரிடம் வாசித்தார். பெயர் இசைத்தட்டு உறையில் வராத, ஆனால் இல்லாமல் பாட்டு நடக்காத ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர். கோவாவிலிருந்து வந்தவர்கள், பார்சிகள், பஞ்சாபிகள். அவர்களில் ஒருவர். புதுக் கருவி என்றால் அவருக்கு உயிர். ரோலண்டின் ஜூபிடர்-8 சின்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 மூன்றையும் வாங்கிவைத்திருந்தார். அப்போது ஹிந்திப் படங்களில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரம். டிஸ்கோ தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தபலாவை எடுத்துவிட்டு, மேலே ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1982-இல் வாசித்துப் பதிவும் செய்துவிட்டார். 'டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் எச்எம்வி அதை வெளியிட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சுமார் இருபது வருடம் கழித்து, 2002-இல், எடோ பவ்மன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு பிரதியை எடுத்துப் போட்டுக் கேட்டு மிரண்டுபோனார். 2010-இல் மறுபதிப்பு வந்தது. சரண்ஜித் சிங் கடைசி வருடங்களில் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். 2015-இல் மும்பையில் காலமானார்.

இந்த ஆல்பத்தைப் புதியவர்களுக்கு, அதிலும் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நான் முதலில் போட்டுக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. பத்தில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்த ராகங்கள், ஹிந்துஸ்தானியில் பெயர்தான் வேறு. பூபாலி என்று போட்டிருப்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் ஹிந்தோளம். யமன் கல்யாணி. கலாவதி வலஜி. பைராகி ரேவதி. மேக் மல்ஹார் கேட்டால் மத்யமாவதி நினைவுக்கு வரும், மதுவந்தி கேட்டால் தர்மவதி. இரண்டு இடத்தில் மட்டும் ஏமாறாமல் இருக்க வேண்டும். தோடி என்று போட்டிருப்பது நம் தோடி கிடையாது, சுபபந்துவராளி. அவர்களுடைய பைரவி நம் சிந்துபைரவியின் பக்கத்து வீடு. மிச்சமிருக்கும் லலித்தில் இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும், அதற்குச் சரியான ஜோடி நம்மிடம் இல்லை. அதைக் கடைசியில் கேளுங்கள்.

மோகனத்தில் தொடங்கினால் ஒன்று நடக்கும். எந்தச் சுரம் அடுத்து வரும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டதால், காது மெட்டைத் தேடுவதை விட்டுவிடும். அப்போதுதான் கீழே 303 செய்துகொண்டிருக்கும் வேலை மேலே தெரியும். நமுநமுவென்று ஒரே அச்சில் சுற்றும் பேஸ், அதில் அழுத்தம் விழுந்த சுரம் மட்டும் துள்ளுவது, வழுக்கிப்போகும் இடங்கள். மேலே ராகத்தை வாசிப்பது ஜூபிடர். அதைக் கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டுப்பாருங்கள்.

டிஸ்கோவும் ராகமும் எப்படி ஒட்டுகின்றன என்று கேட்டால், ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்பேன். மேற்கத்திய முறைப் பாட்டில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும், அடித்தளமே நகரும். ராகத்தில் ஆதார ஷட்ஜம் நகராது. ஹவுஸ், டெக்னோ வகைகளிலும் பெரும்பாலும் அடித்தளம் நகராது. ஒரே சுரத்தைச் சுற்றியே எட்டு நிமிடம் ஓட்டிவிடுவார்கள். இரண்டு மரபிலும் கீழே ஒன்று அசையாமல் நிற்பதால்தான் மேலே இருப்பதற்குச் சுதந்திரம். ஒட்டாத இடம் கமகம். கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடங்களில்தான் நம் ராகங்களின் உயிர் பாதி இருக்கிறது. சரண்ஜித் சிங்கின் வாசிப்பில் விரல் வேகமும் தெளிவும் அபாரம். ஆனால் ஒரு நல்ல நாதஸ்வரக்காரர் ஹிந்தோளத்தில் செய்கிற அசைவை அதில் எதிர்பார்க்கக்கூடாது. சண்முகானந்தா சபாவில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் முகம் சுளித்தால் அதிலும் ஞாயம் இருக்கிறது.

இந்த ஆல்பம் மறுபடி வெளிவந்த நாளிலிருந்து, ஆசிட் ஹவுஸை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இந்தத் தட்டு சிகாகோவுக்குப் போய் அவர்கள் கேட்டுச் செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. செய்த காரியமும் வேறு. சிகாகோவில் ராகமும் இல்லை, மெட்டும் இல்லை. குமிழைத் திருகுவதே பாட்டு. பம்பாயில் ராகம்தான் பாட்டு, 303 அதற்குத் துணை. நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு தொழில்முறைக் கலைஞர் புத்தம்புதுசாக வாங்கிய கருவியும், காசில்லாத பையன்கள் பழைய கடையில் எடுத்த கருவியும் ஒரே பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒலி இரண்டு ஊரிலும் வெளியே வந்துவிட்டது. எனக்கு அதுவே போதுமான அதிசயமாகத் தெரிகிறது.

இனி 'சோதனை' என்ற அடைமொழி. எலக்ட்ரானிக் கருவியில் யார் என்ன வித்தியாசமாகச் செய்தாலும் அதைச் சோதனை இசை என்று சொல்லிவிடலாம். இந்தியாவில் அதற்கும் பழைய கதை உண்டு: அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் சின்தசைசரோடு ஒரு ஸ்டூடியோ அமைந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார், இசைக் கலைஞர் கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் வேலை செய்தார்கள். அந்தப் பழைய நாடாக்கள் 2023-இல்தான் ஆல்பமாக வெளியே வந்தன. அருமையான ஒலிகள், ஆனால் ஆட முடியாது. ஆட வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவும் இல்லை. நடன இசையில் சோதனை செய்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. தரையில் நிற்பவரின் காலைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் எங்கே வேண்டுமானாலும் போக வேண்டும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1994-இல் நடந்தது. திறந்தவெளியில் இரவெல்லாம் நடந்த ரேவ் கூட்டங்களைக் கலைக்க பிரிட்டனில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த இசை என்று சட்டத்தில் எழுத வேண்டுமே? திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைப் பிரதானமாகக் கொண்ட ஒலிகள் என்று எழுதினார்கள். ஆட்டெக்கர் என்ற இரட்டையர் உடனே ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதில் 'ஃப்ளட்டர்' என்ற டிராக்கில் எந்த இரண்டு சுற்றிலும் தாளம் ஒரே மாதிரி இருக்காதபடி அடிகளை அடுக்கினார்கள். திரும்ப வராத தாளம், ஆகவே சட்டத்தின் கணக்கில் வராத தாளம். மற்ற இரண்டு டிராக்குகளில் திரும்ப வரும் அடிகள் உண்டு என்று உறையிலேயே எச்சரிக்கை வேறு ஒட்டினார்கள். குறும்பை விட்டுவிட்டுக் கேட்டாலும் நல்ல டிராக். மேலே நிதானமாக ஒரு மெட்டு மிதந்துகொண்டிருக்கும், கீழே தாளம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வந்து சேரும். தலை ஆடிக்கொண்டேதான் இருக்கும், எதற்கு ஆடுகிறது என்றுதான் சொல்ல முடியாது.

இன்னொரு திசையில் ஜேலின். சிகாகோவை ஒட்டிய கேரி என்ற எஃகு ஆலை ஊர்க்காரர், ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர். அவர் கிளம்பிவந்தது ஃபுட்வொர்க் என்ற வகையிலிருந்து, வேகம் 160 பிபிஎம் சுமாருக்கு. இந்த வேகத்தில் ஒரு விளையாட்டு உண்டு: வேகமாக எண்ணினால் 160, பாதியாக எண்ணினால் 80. தலை முதல் காலத்தில் ஆடும், பாதம் இரண்டாம் காலத்தில் ஓடும். 2015-இல் வந்த அவருடைய 'டார்க் எனர்ஜி' ஆல்பத்தைச் சித்தப்பாவுக்குப் போட்டபோது பாட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் "ஆள் சரியான வலந்தலைக்காரன்லே" என்றார். ஜேலின் ஒரு பெண் என்று பிறகு சொன்னேன். இன்னும் ஒரு தடவை போடச் சொன்னார்.

தவில், மிருதங்கம் பக்கம் காது போனவர்களுக்கு இந்தச் சோதனைகளில் பாதி ஏற்கெனவே வீட்டுப் பாடம்தான். ஆப்பில் ஒரு வரிசையின் நீளத்தைப் பதினாறிலிருந்து ஐந்தாகக் குறைக்க முடிந்தால் செய்துபாருங்கள். ஹை-ஹாட் மட்டும் ஐந்து கட்டத்தில் சுற்றட்டும், தகதகிட. கிக் பழையபடி பதினாறில் ஓடட்டும். ஐந்தும் பதினாறும் எண்பதாவது கட்டத்தில்தான் சந்திக்கும். 120 பிபிஎம்மில் சரியாகப் பத்து வினாடி. அதுவரை ஹை-ஹாட் ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் முளைத்துக்கொண்டிருக்கும், பத்தாவது வினாடியில் இரண்டும் சமத்தில் வந்து உட்காரும். கோர்வை முடிந்து வந்து விழுகிற அதே சுகம். ஆனால் ஒரு வித்தியாசம். வித்துவான் அதை எண்ணிச் செய்கிறார், தவறவிடலாம் என்ற பயம் கேட்பவருக்கும் தொற்றுகிறது. மெஷின் தவறவே விடாது. அதனால் இந்த வகையில் நல்ல ஆட்கள் சமத்தை வேண்டுமென்றே தட்டிவிடுவார்கள். வரும் என்று நாம் கழுத்தை நீட்டும்போது ஒரு சுற்று மௌனமாக விட்டுவிடுவார்கள்.

எந்தப் புது ஆல்பம் கையில் கிடைத்தாலும் ஒரு விஷயம் முக்கியம்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிக்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை அசைக்கவே முடியாது, 'டிக் டிக்' என்று அதன் மேல்தோல் மட்டும்தான் கேட்கும். ஹெட்போன் வேண்டும். அதுவும் லோக்கல் ரயிலில் வேண்டாம். ரயிலின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் மிகுதி, முலுண்டிலிருந்து தாதர் வரை பேஸை அது முழுசாக விழுங்கிவிடும். அதை எதிர்த்துச் சத்தத்தைக் கூட்டினால் காதுதான் கெடும். நல்ல ஸ்பீக்கர் வைத்து வீட்டில் கேட்பதாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. தாழ்ந்த ஒலிதான் சுவரைச் சுலபமாகக் கடக்கும். உங்களுக்கு ஆல்பம் கேட்கும், அவர்களுக்குக் கிக் மட்டும் கேட்கும். உண்மையான அளவு என்ன என்று தெரிய ஒரு தடவையாவது பெரிய அரங்கு ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும். லோயர் பரேல் மில் வளாகத்தில் 2007 முதல் 2016 வரை ப்ளூ ஃப்ராக் என்று ஓர் அரங்கு இருந்தது, ஒலி அங்கே துல்லியமாக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம். அதைக் காதைவிட வயிறு முதலில் கேட்கும்.

கேட்கும்போது ஏதாவது ஓர் ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹை-ஹாட்டோ, பின்னால் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இரைச்சலோ, எதுவாகவும் இருக்கலாம். எப்போது நுழைந்தது, எப்போது கூர்மையானது, எப்போது நமக்கே தெரியாமல் விலகிப்போனது என்று அதன் பின்னாலேயே போங்கள். அடுத்த தடவை வேறொன்று. நாலு டிராக் இப்படிக் கேட்டபிறகும் சலிப்பாக இருந்தால் ஆல்பத்தை அணைத்துவிடலாம். இந்த வகையில் வெறும் குமிழ் திருகலும் நிறைய வருகிறது, எல்லாவற்றையும் மரியாதையோடு கேட்டுத் தீர வேண்டும் என்று சட்டமில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீன் பக்கம் போகிறவர்களை சபாவில் யாரும் தடுப்பதில்லையே.